எதிரணியில் மனைவி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆங்கிலம் எதற்கு என்று அந்த வகுப்பில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மாலை வகுப்புக்கு வந்த மற்றவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் உண்டு. மருந்துக்கடைக்காரருக்கு கம்பெனி ஆட்களோடு பேச வேண்டும். டாக்சிக்காரருக்கு விமான நிலையச் சவாரி பிடிக்க வேண்டும். மெக்கானிக்கின் மனைவிக்கும் வலுவான காரணம் இருந்தது. அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். சட்டையை உதறிப் பிடித்தால் போதும், எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அதனால் அங்கே அவளுக்கு ஊசிக்கண் என்று பட்டப்பெயர். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க ஆள் வரும்போது எதிரே நின்று பேச ஆங்கிலம் வந்துவிட்டால் அவளைச் சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

மெக்கானிக் மட்டும் சும்மா வந்தான். மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவனும் பாதி எழுவான். மருந்துக்கடைக்காரர் அவனுக்கு நிழல் என்று பெயர் வைத்துவிட்டார். "நிழல் சார் வந்தாச்சு, ஆரம்பிக்கலாம் மிஸ்" என்பார். ஊசிக்கண் சிரிப்பாள்.

"கல்யாணமான புதுசுல கடைக்குக்கூடக் கூட்டிட்டுப் போக மாட்டார். இப்ப பாருங்க, வயசான காலத்துல காதல் பொங்கி வழியுது."

உண்மையான காரணம் வேறு. சில மாதங்களுக்கு முன் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. சாதாரண மாத்திரைக்கு அடங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். அவள் உடை மாற்ற உள்ளே போயிருந்த நேரத்தில், டாக்டர் அவனையும் அவளுடைய அண்ணனையும் அறைக்குள் கூப்பிட்டார். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்றார். குணப்படுத்த முடியாது. கடுமையான மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் கூடுதலாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவஸ்தை மட்டும் நிச்சயம். வேண்டாமென்றால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். "பேசி ஒரு முடிவுக்கு வாங்க. ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க" என்றார்.

பேசினார்கள்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றபடியே பேசினார்கள். பேசியதெல்லாம் அண்ணன்தான்.

"அவகிட்ட மூச்சு விடக் கூடாது மாப்பிள்ளை. சொன்னா அன்னைக்கே பாதி உயிர் போயிடும். குடல்ல புண்ணுன்னு சொல்லிடுவோம். அந்த மருந்தும் வேணாம். முடி கொட்டுச்சுன்னா அவளுக்கே தெரிஞ்சுடும். இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும். என்ன சொல்றீங்க?"

அவன் தலையை ஆட்டினான். அதற்குள் அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "என்னவாம்? ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, குடல் புண்ணாம். வாயைக் கட்டணுமாம்" என்றார் அண்ணன்.

அவள் வாயைக் கட்டினாள். காரத்தை விட்டாள். காபியை விட்டாள். காலையில் கண் விழித்ததும் காபி இல்லாவிட்டால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள், வெந்நீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். வலி குறையவில்லை என்றால் தன்மேலேயே குற்றம் கண்டுபிடித்தாள். "நேத்து கேன்டீன்ல கொஞ்சம் காரமா சாப்பிட்டேன், அதான்" என்பாள். அவன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தான். ஏன் என்று அவள் கேட்டபோது, அட்டை விரலைக் கிழிக்கிறது என்றான். அப்புறம் வேலை நேரம் போக அவளைக் கண்ணைவிட்டு அகலவிட அவனால் முடியவில்லை. எங்காவது விழுந்துவிட்டால்? அதனால்தான் ஆங்கில வகுப்பு.

வகுப்பு ஒரு செருப்புக் கடையின் மாடியில் நடந்தது. ரெக்ஸின் வாசனை படியேறி உள்ளேவரை வரும். பாடம் எடுத்த மிஸ் முப்பது வயதைத் தாண்டியவர், குரல் உயர்த்தாதவர். முதல் நாளே அவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க எல்லாருக்கும் 'எஸ் சார்' நல்லாவே வருது. 'நோ சார்' தான் வரல. அதைத்தான் நான் சொல்லித் தரப்போறேன்."

வாரம் ஒரு நாள் விவாதம். கருத்தைச் சொல்ல வேண்டும். உடனே 'பிகாஸ்' போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். சொந்த அனுபவத்திலிருந்து ஓர் உதாரணமாவது வேண்டும். எதிரணி பேசும்போது குறுக்கே விழக் கூடாது. முடித்த பிறகு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். "பிகாஸ் இல்லாம சொன்னா அது கருத்து இல்ல, கத்தல்" என்பார் மிஸ். யாராவது தமிழுக்குத் தாவினால் ஒரு விரலை உதட்டில் வைப்பார்; வார்த்தை கிடைக்கிறவரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பயந்தே பலர் ஏதாவது ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்தார்கள்.

சின்ன விஷயங்களில் ஆரம்பித்தார்கள். பஸ் நல்லதா, டாக்சி நல்லதா என்று பேசியபோது டாக்சிக்காரர் உணர்ச்சிவசப்பட்டு நாற்காலிமேல் ஏறப் போனார். ஆண்கள் சமைக்க வேண்டுமா என்ற விவாதத்தில் ஊசிக்கண் எழுந்து, "ஐ டிஸ்அக்ரீ. பிகாஸ், ஐ ஈட் ஹிஸ் குக்கிங்" என்றாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவள் ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு சிரித்ததை அவன் மட்டும் பார்த்தான்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், தலைப்பு கொடுக்கும் முறை மருந்துக்கடைக்காரருக்கு வந்தது. தன் கடையில் தினமும் பார்ப்பதிலிருந்தே சொல்கிறேன் என்றார். தீராத நோய் வந்தால் அதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

"நல்ல டாபிக்" என்றார் மிஸ். "ஜன்னல் பக்கம் இருக்கறவங்க மறைக்கணும்னு பேசுங்க. கதவுப் பக்கம் இருக்கறவங்க சொல்லணும்னு." அப்புறம் ஊசிக்கண்ணைப் பார்த்து, "நீங்க எழுந்து கதவுப் பக்கம் வாங்க. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே அணியில இருந்தா எனக்கு என்ன சுவாரசியம்?" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். மெக்கானிக் பாதி எழுந்தான்.

"வேற டாபிக் குடுங்க மிஸ்."

"இங்கிலீஷ்ல காரணம் சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்."

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். மிஸ் தோளைக் குலுக்கிவிட்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் டாக்சிக்காரர் எழுந்தார். சொல்ல வேண்டும் என்ற அணிக்காகப் பேசினார். தன் சித்தப்பாவுக்கும் அவர் மகனுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. தனக்கு வந்த நோய் இன்னதென்று தெரிந்திருந்தால் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருப்பார். யாரும் சொல்லவில்லை, அவரும் பேசாமலே போய்விட்டார் என்றார். இலக்கணம் கண்டபடி உடைந்தது. ஆனால் மிஸ் திருத்தவில்லை.

அடுத்து மருந்துக்கடைக்காரர், மெக்கானிக்கின் அணியிலிருந்து. மறைப்பது பொய் அல்ல, பாசம் என்றார். "என் கடைக்கு வருவாங்க. மாத்திரையை அட்டையிலிருந்து பிரிச்சுக் குடுங்கன்னு கேப்பாங்க. பேர் தெரியக் கூடாதுன்னு சொல்வாங்க. நான் பிரிச்சு பாட்டில்ல போட்டுக் குடுப்பேன். அவங்க கவுன்ட்டர்லயே நின்னு அழுவாங்க. இது லவ் இல்லாம வேற என்ன?" இதையெல்லாம் அவர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்து, பெருமையாக உட்கார்ந்தார்.

எதிரே ஊசிக்கண் குறிப்பெழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்வை அவன்மேலேயே இருந்தது. ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள் பார்வை அது.

அவள் முறை வந்தது. எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"வலி என்னுடையது" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "அதன் பெயர் எனக்குத் தெரிய வேண்டும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எதிரணிக்கு ஒரு கேள்வி. என் கணவர் எனக்கு மாத்திரை தருகிறார். அட்டை இல்லை. பெயர் இல்லை. ஏன்?"

வாதத்துக்காக ஒரு கதை கட்டுகிறாள் என்று நினைத்து வகுப்பே கைதட்டியது. மிஸ்ஸும் சிரித்தார். "எக்ஸலன்ட் க்வெஸ்சன்! நிழல் சார், ஆன்சர் பண்ணுங்க. பிகாஸோட."

மெக்கானிக் எழுந்தான். தமிழில் கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்தது. இத்தனை மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்கள் தமிழில் தடுக்காமல் வரும். அட்டை கிழிக்குது. டப்பாவில் போட்டால் எண்ணிக்கை தவறாது. உனக்கு எப்பவும் சந்தேகம்தான். ஆங்கிலத்தில் அப்படி எதையும் அவன் தயார் செய்து வைத்திருக்கவில்லை. அந்த மொழியில் அவனுக்குத் தெரிந்த வார்த்தைகளே கொஞ்சம். மிஸ் விரலை உதட்டில் வைத்துக் காத்திருந்தார்.

"பிகாஸ்..." என்றான். "பிகாஸ், ஐ ஆம் அஃப்ரெய்ட்."

பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் அவனிடம் இருந்தது.

"அஃப்ரெய்ட் ஆஃப் வாட்?" என்றார் மிஸ், இன்னும் ஆசிரியராகவே. "முழு வாக்கியமா சொல்லுங்க."

அவன் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. மிஸ்ஸின் விரல் உதட்டிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. ஊசிக்கண் மட்டும் கலங்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "போலாம், எழுந்திரிங்க" என்றாள்.

தெருமுனையில் இருந்த சின்னக் கடைக்குள் அவனைக் கூட்டிப்போய் ஒரு மேஜையில் உட்கார்ந்தாள். அவளே இரண்டு காபி சொன்னாள்.

"உனக்குக் காபி ஆகாது..." என்று அவன் பழக்கத்தில் ஆரம்பித்தான்.

"எனக்கு என்ன வியாதி?"

அவன் சொன்னான். டாக்டர் சொன்னதையும், தாழ்வாரத்தில் பேசியதையும், அந்த மருந்தை வேண்டாமென்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவன் குரலைக் குறைக்கக்கூட இல்லை. அவள் காபியை ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்தாள்.

"குடல் புண்ணே இல்லையா எனக்கு?"

"இல்ல."

"அப்ப எதுக்குங்க என்னைக் காபியை விட வெச்சீங்க?"

அவன் தன் காபி டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"எத்தனை மாசம். வலிச்சா, ஐயோ நான்தான் எதையோ தின்னு கெடுத்துக்கிட்டேன்னு என்னையே திட்டிக்கிட்டேனே. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? எங்கண்ணனும் நீங்களும் மட்டும் நின்னு என் உடம்புக்கு ஓட்டுப் போட்டீங்களா? எனக்கு ஒரு ஓட்டு இல்லையா?"

"நீ தாங்க மாட்டேன்னு..."

"தாங்க முடியாதது எனக்கா, உங்களுக்கா? அதைத்தான் அங்க இங்கிலீஷ்ல சொன்னீங்களே."

அவள் அழவில்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் பாயை எடுத்து முன்னறையில் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே டாக்டரைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் வழக்கம்போல் அவனைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். "நோயாளி நான்தான் டாக்டர். என்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள். டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். புதிதாக ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். அன்றைக்குச் சொன்ன மருந்தை இப்போது ஏற்ற முடியாது, கல்லீரல் தாங்காது என்றார்.

"அன்னைக்கே ஏத்தியிருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. சிலருக்குக் கேக்கும். பலருக்குக் கேக்காது."

"நான் ஏத்திக்கிட்டிருப்பேனா, மாட்டேனான்னு எனக்கே தெரியல டாக்டர்" என்றாள் அவள். "யோசிக்கவாவது விட்டிருக்கலாம்."

அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். வந்ததும் மெக்கானிக்கின் மேல்தான் பாய்ந்தார். "ஒரு விஷயத்தை வாய்க்குள்ள வெச்சுக்கத் துப்பில்லையா மாப்பிள்ளை?" ஊசிக்கண் சமையலறையிலிருந்து வந்து நடுவில் நின்றாள். அண்ணன் உடைந்துபோய் அவள் கையைப் பிடித்தார். "உன் நல்லதுக்குத்தான்ம்மா..." அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. கொஞ்சம் கழித்து அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

அடுத்த வகுப்பு நாளன்று அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அவனும் செருப்பை மாட்டினான்.

"நீங்க வர வேணாம்."

"தனியா எப்படி..."

"விழுந்தா யாராவது தூக்குவாங்க. நீங்க வீட்டுல இருங்க."

அவன் வாசலில் நின்று அவள் தெருவைத் தாண்டுகிறவரை பார்த்தான். பிறகு உள்ளே வந்து, செய்வதற்கு எதுவும் இல்லாமல், கருவிப் பெட்டியைக் கவிழ்த்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

மாடியில் மிஸ் அவளைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார். வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அந்த டாபிக்கைத் தொட்டிருக்கவே மாட்டேன். முழு வாக்கியமா சொல்லுன்னு வேற..."

"நீங்க கேக்காம விட்டிருந்தா அவர் சொல்லியே இருக்க மாட்டார் மிஸ். அவருக்கு ஒரே பிடிவாதம். நல்லதுக்குப் பொய் சொல்றோம்கற பிடிவாதம்." அப்புறம் கேட்டாள், "இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வர்றாங்க. அதுக்கு என்னைத் தயார் பண்ணுவீங்களா? நாள் கம்மியாதான் இருக்கு."

மிஸ் தயார் செய்தார். வகுப்பு முடிந்ததும் அவளோடு உட்கார்ந்து, தானே சோதனைக்கு வந்த அதிகாரியாக நடித்தார். முகத்தைச் சுளித்தார், அலட்சியமாகக் கையை வீசினார். மருந்துக்கடைக்காரர் ஒரு பழைய சட்டையைக் கொண்டுவந்து சரக்கு மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இப்போது யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சோதனை நாளன்று அவள் தொழிற்சாலைக்குப் போய்வந்ததைத் தன்னிடம் சொல்வாளா என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம்தான். ஆனால் வந்து உட்கார்ந்ததும் அவளாகவே சொன்னாள். வந்தவர் ஒரு கட்டுச் சட்டையில் காலர் நிறம் மீதித் துணியின் நிறத்தோடு ஒட்டவில்லை என்று ஒதுக்கினாராம். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஐ டிஸ்அக்ரீ என்றாளாம். பிகாஸ் போட்டு மூன்று நிமிடம் பேசினாளாம்.

"ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல. ஒதுக்கினது ஒதுக்கினதுதான்னுட்டார். தோத்துட்டேன்." அவள் முகத்தில் களைப்போடு சிரிப்பு தெரிந்தது. "ஆனா நான் முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்கலைங்க. முழுசா கேட்டார். என் பேச்சை ஒருத்தர் முழுசா கேட்டு எவ்வளவு காலமாச்சு."

அவன் தரையைப் பார்த்தான்.

"உங்களைக் குத்திக்காட்டச் சொல்லல" என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, "சரி, குத்திக்காட்டத்தான் சொன்னேன். வாங்க, இப்படி வந்து உக்காருங்க" என்றாள்.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "என்மேல இருக்கற கோவம் போயிடுச்சா?" என்று கேட்டான்.

"அதைக் கேக்காதீங்க. எனக்கே தெரியல. போறதுக்குள்ள நான் போயிட்டேன்னா என்ன பண்றதுன்னு பாக்கறேன்."

அதற்கு மேல் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. கண்ணும் தோலும் மஞ்சளாயின. நடக்கச் சுவர் வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வாரங்களில் அவர்கள் பேசிய அளவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பேசியதில்லை. எதையும் அவளிடம் கேட்டே செய்தான். கேட்டால் அவள் பதில் சொன்னாள். அவனுக்குச் சம்மதமில்லை என்றால் காரணம் சொன்னான். அவளும் சொன்னாள். யார் வந்து பார்க்கலாம், யார் வர வேண்டாம் என்பதை அவள்தான் முடிவு செய்தாள். முடியை வெட்டிவிட வேண்டும் என்றாள், சிக்கெடுக்க உடம்பில் தெம்பில்லை என்று. அவனுக்கு மனசில்லை. வாதாடிப் பார்த்தான். கடைசியில் அவனே கத்தரிக்கோலை எடுத்தான், கோணல்மாணலாக வெட்டினான். அவள் கண்ணாடியைப் பார்த்து, "லிஃப்டையும் இப்படித்தான் சரி பண்றீங்களா?" என்றாள்.

வலி அதிகமானபோது அண்ணன் மறுபடி வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம் என்றார். மெக்கானிக்குக்கு அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. அண்ணன் குரலை உயர்த்தினார். முன்பெல்லாம் அந்தக் குரலுக்கு அவன் தலை தானாக ஆடிவிடும். இந்த முறை, "அவளைக் கேப்போம் மச்சான்" என்றான்.

கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரி" என்றாள் அவள்.

அவன் கட்டிலுக்குக் கிட்டே வந்தான். "ஏம்மா, நான் பாத்துக்க மாட்டேனா? லீவு போட்டுட்டேன். பக்கத்துலயே இருப்பேன். ராத்திரி பகல் எதுவானாலும்..."

"சொல்லி முடிச்சுட்டீங்களா? இப்ப நான் சொல்றேன், கேளுங்க. ஒவ்வொரு தடவை வலி வரும்போதும் உங்க முகத்தைப் பாக்கறேன். என் வலியோட அதையும் சேத்துத் தாங்க வேண்டியிருக்கு. அங்க நர்ஸ் ஊசி போடுவா. நீங்க சும்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா போதும். அப்புறம், நான் இந்தக் கட்டில்ல செத்தா நீங்க இதுல படுக்க மாட்டீங்க. தரையில படுத்து முதுகைக் கெடுத்துப்பீங்க."

அவன் மறுத்துச் சொல்ல ஏதேதோ தேடினான். கிடைத்தது எல்லாமே தனக்காகச் சொல்கிறதாகவே இருந்தது. கடைசியில் எழுந்து போய் அவள் துணிகளைப் பையில் எடுத்து வைத்தான்.

ஆஸ்பத்திரியில் மிஸ் வந்து பார்த்தார். டாக்சிக்காரர் தினமும் சவாரிக்கு நடுவே வந்து, அண்ணன் குடும்பத்தை இலவசமாகக் கொண்டுவந்து விட்டார். அவள் பெரும்பாலும் தூங்கினாள். விழித்தபோது அவன் கை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு மத்தியானம், சாப்பாட்டு வண்டி தாழ்வாரத்தில் தடதடத்துப் போன நேரத்தில், அவள் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை. அவன் அடுத்த மூச்சுக்காகக் காத்துக்கொண்டே இருந்தான். நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை காத்திருந்தான்.

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு, அண்ணன் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தார். அழுது அழுது அவர் குரல் கம்மியிருந்தது.

"நீங்க அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா அவ நிம்மதியா போயிருப்பா மாப்பிள்ளை. கடைசி நாள்லகூட எவ்வளவு யோசனை, எவ்வளவு கணக்கு. அந்தப் பாரத்தை அவ தலையில ஏத்தியிருக்க வேணாம்."

மெக்கானிக் குறுக்கே விழவில்லை. மச்சான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவர் முடித்துவிட்டார் என்று தெரிந்ததும் சொன்னான்:

"இருக்கலாம் மச்சான். எனக்குத் தெரியல. ஆனா நிம்மதியா இருந்ததா நாம நெனச்ச அந்த மாசமெல்லாம் அவ நிம்மதியா இல்ல. தன்னையே திட்டிக்கிட்டு இருந்தா. அதை நான் பக்கத்துல இருந்து பாத்தேன். நீங்க பாக்கல." கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "நாம அவகிட்ட முதல் நாளே சொல்லியிருக்கணும். நான்தான் சொல்லியிருக்கணும். தலையை ஆட்டினது நான்."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் முழங்காலில் ஒரு கணம் கையை வைத்து அழுத்திவிட்டு, எழுந்து வெளியே போனார்.

உள்ளறையில் அண்ணனின் மனைவியான அண்ணி அலமாரியைத் திறந்து வைத்திருந்தாள். ஊசிக்கண்ணின் புடவைகள், வேலைக்குப் போட்டுப்போன நீல மேலங்கி, வெளியே ஒரு முறைகூடக் கட்டாத ஒரு பட்டு எல்லாம் கட்டிலில் குவிந்து கிடந்தன. அவன் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"எதை வெச்சுக்கறது, எதை யாருக்குக் குடுக்கறது? அவ ஏதாவது சொல்லியிருந்தாளா தம்பி?"

அவன் யோசித்துப் பார்த்தான். எத்தனையோ கேட்டிருந்தான். யார் வரலாம், எந்த ஆஸ்பத்திரி, முடியை எவ்வளவு வெட்டலாம், யாருக்கு எதைச் சொல்லலாம் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. இதற்கும் இருந்திருக்கும். காரணத்தோடு இருந்திருக்கும்.

"கேக்கல அக்கா" என்றான். "இதைக் கேக்காம விட்டுட்டேன்."

அண்ணி கையிலிருந்த புடவையைக் கீழே வைக்கவும் தெரியாமல், மடிக்கவும் தெரியாமல் நின்றாள். அவன் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில், துணிகளை நசுக்காமல், கொஞ்சம் இடம் பார்த்து உட்கார்ந்தான்.